கியர் வைத்த வண்டி

யுத்தம் முடிந்து ஊர் திரும்பவிருந்த ஓர் அமெரிக்க அதிகாரியிடமிருந்து என் கணவர் அந்தக் காரை வாங்கினார். கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்ளும். மயிலாப்பூரில் இப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபிக்கு முன்னால் காரைக் காட்டினார்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். சாந்தோம் பக்கம் விடியற்காலையில் அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினார். சில நாளில் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிறகு மாம்பலத்தில் என் அக்கா வீட்டுக்கு நானே போய் வந்தேன். யாரையும் கேட்காமல் கிளம்புவது இத்தனை சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியம்.

கிளப்பில் யாரோ, "ஓ, அது உங்காத்து மாமி ஓட்டற வண்டின்னா?" என்று கேட்டாராம். அன்றோடு வண்டிக்குக் கௌரவம் போயிற்று. ரிப்பேர் வந்தால் பார்க்க ஆள் இல்லை என்றார் என் கணவர். ரிப்பேர் வரவே இல்லை என்றேன்.

"கியர் போட்டு ஓட்டினாத்தாண்டி அது வண்டி. இது பொம்மனாட்டி சமாச்சாரம்."

புதுப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு சாயபு, பட்டாளத்து லாரியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸைப் பொருத்தித்தர ஒப்புக்கொண்டார். நன்றாக ஓடுகிற வண்டியாயிற்றே என்று அவரும் ஒரு தடவை சொல்லிப்பார்த்தார். வண்டியை விடவேண்டிய அன்று வக்கீலான என் கணவருக்குக் கோர்ட். ஆகவே வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டதும் நான்தான். தன் கையே தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அது இதுதான்.

திரும்பி வந்த வண்டியை, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் ஓட்டினார். லஸ் முனையில், டிராம் தண்டவாளத்தின் மேல், கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி துள்ளி நின்றுவிட்டது. பின்னால் டிராம்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார். கறிகாய் விற்பவர்கள் வந்து தள்ளினார்கள். நான் இறங்கவில்லை, அவ்வளவு பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

எனக்கும் கியர் போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் தான் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். அது நடக்கவில்லை. கடைசியில் டிரைவர் ஒருவரை வைத்தார். அக்கா வீட்டுக்குப் போக இப்போது நான் இரண்டு பேரைக் கேட்கவேண்டும்.

வந்த அன்றே டிரைவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"எங்கியும் ஒரு கீறல் இல்ல சார். இத்தினி நாளா யாரு ஓட்டிக்கினு இருந்தாங்க?"

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.