எல்லாம் அவர் பெயரில்

"…பேர் போட்டுக்கிறதுக்கு இது இன்னா கல்யாணப் பத்திரிகையா நைனா? என் பேர்லயே அனுப்பிக்கினு இரு," என்றார் எங்கள் டீம் லீடர், என் பெயரிலேயே அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு.

ராயபுரத்தில், ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மென்பொருள் எழுதிய சின்ன ஆபீஸ் அது. நாங்கள் எழுதுவது தலைமை அலுவலக சர்வரில் போய்ச் சேர, நான்கு பேர் கம்ப்யூட்டரிலும் நிரல் எழுதும் எடிட்டரை அதோடு இணைத்துக் கொடுத்தவர் அவர்தான். நான்கிலும் தன் பெயரையும் பாஸ்வேர்டையுமே அடித்து வைத்தார். இஸ்திரி கலையாத மனிதர். எங்கள் கீபோர்டைத் தொடுமுன் கர்ச்சீப்பால் துடைப்பார், ஏதோ நாங்கள் மீன் அறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி.

சர்வரில் உள்ள பெயர்களைப் பார்த்துத்தான் யாருக்கு வேலை நிரந்தரம் என்று முடிவாகும். என் ஆறு மாத உழைப்பு முழுக்க அவர் பெயரில் கிடந்தது.

ஒருநாள் காலை நான் அனுப்பிய திருத்தத்தில் தப்பு. கேட் பாஸ் அச்சாகவில்லை. லாரிகள் கல்மண்டபம் வரை வரிசை கட்டி நின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"இந்த மாத்தம் உங்க பேர்ல இருக்கே?"

"என் பேர் இருந்தா நான் எழுதுனதாயிடுமா சார்?"

போனை வைத்தார். நேராக என் சீட்டுக்கு வந்து, "தள்ளு நைனா," என்று உட்கார்ந்து, எடிட்டரில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் என் பெயரை அடித்தார்.