நாலு நட்டு

என் மகன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். ஹேண்டில் தாழ்ந்து, ஓட்டுகிறவன் பெட்ரோல் டாங்கியின் மேல் கவிழ்ந்து கிடக்க வேண்டிய வண்டி. அதுதான் ஸ்டைலாம். குனிந்து போவதில் என்னடா ஸ்டைல் என்று வாசலிலேயே கத்திவிட்டேன். ஒரு இரும்புக் குழாய்க்காக ஐம்பது வயதைத் தாண்டியவள் இப்படிக் குதிக்கலாமா என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். குதிப்பேன். அந்தக் குழாயோடு எனக்குப் பழைய பகை இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா தபால்காரர். மேல் டிவிஷனில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து வட்டகொடை ஸ்டேஷனுக்கு நாலு மைல் நடந்து இறங்கி, தோல்பையில் தபாலை வாங்கிக்கொண்டு அதே நாலு மைல் ஏறி வருவார். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரைக்கு லண்டன் கடிதம் வரும். எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் பிரஜாவுரிமை மனு தள்ளுபடி என்று சொல்லும் பழுப்பு உறைதான் வரும். இரண்டையும் ஒரே பையில் போட்டு அப்பா முதுகில் சுமந்தார்.

துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை தனக்குப் புது மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, பழையதைத் தபாலுக்கு என்று தள்ளிவிட்டார்கள். லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நானும் இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன். சின்னத்துரை ஆறடிக்கு மேல், கையும் நீளம். தார் ரோட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு பறப்பதற்காக ஹேண்டிலைத் தட்டையாக, தாழ்வாக வைத்திருந்தார். அப்பாவோ ஐந்தடி இரண்டு அங்குலம். எங்கள் ரோட்டில் தாரும் இல்லை. கல், குழி, மழை அறுத்த கோடு, பத்தடிக்கு ஒரு முடக்கு வளைவு.

இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுவதும் அவருடைய இரண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. முன்சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் அந்த அடி நேரே கைக்கு வந்தது. குழி வரும்போது மிதிகட்டையில் எழுந்து நின்றால் முழங்கால்தான் அடியை வாங்கும், கை தப்பிக்கும். ஆனால் எழுந்து நின்றால் ஹேண்டில் கைக்கு எட்டவில்லை. ஒரு மாதத்தில் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டே திட்டினார்.

"நடந்தப்ப காலு மட்டுந்தான் வலிச்சுச்சு. இப்ப கையும் போச்சு. தொர குடுத்தாருன்னா ஆள முழுங்குற வண்டியையா குடுப்பாரு?"

அடுத்த வாரமே அப்பா ஒரு முடக்கில் விழுந்தார். துரையின் கடிதங்கள் சேற்றில் ஊறின. இன்னொரு தடவை விழுந்தால் தபால் வேலை கிடையாது, மலையில் புல்லுவெட்டத்தான் போக வேண்டும் என்று ஆட்களை மேய்க்கிற கண்டாக்கையா சொல்லிவிட்டார். வீங்கிய கையோடு அவர் எந்தப் புல்லை வெட்டுவார்?

சித்தப்பா தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹேண்டிலைக் கழற்றி உலையில் காய்ச்சினார். அளவுகோல் என் கைதான். அப்பாவை வண்டியில் உட்கார வைத்து, ஸீட்டிலிருந்து எத்தனை சாண் என்று என்னை அளக்கச் சொன்னார். முதலில் என் சாணுக்கு ஒரு சாண் உயர்த்தினார். அது ரொம்பவே உயரம். கையைத் தூக்கிப் பிடித்துப் பிடித்துத் தோள் கடுத்தது. ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை மறந்து இஷ்டத்துக்கு அலைந்தது. பிறகு நாலு விரல் குறைத்தார். முனைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். அதிகமாக இழுத்துவிட்டதால் முடக்கில் திருப்பும்போது முழங்காலில் இடித்தது. மறுபடி காய்ச்சி, மறுபடி வளைத்து, பிரேக் கம்பிக்கும் கிளட்ச் கம்பிக்கும் ஒட்டுப்போட்டு, பொழுது சாய்வதற்குள் ஹேண்டில் அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. குழி வந்தால் எழுந்து நிற்க முடிந்தது. சமதரையில் முதுகை நிமிர்த்தி, நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்து வந்தார். அப்பா இவ்வளவு உயரமா என்று நான் வாயைப் பிளந்தேன்.

எல்லாம் பத்து நாள்தான். ஒரு நாள் காலை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தம்பியை விட்டுவிட்டு நான் வரும்போது, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை ஆட்களுக்கும் முன்னால் கண்டாக்கையா அப்பாவை நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"தொர பங்களா முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறியாமே? நீ என்ன கவுனரா? நாளைக்கே ஹேண்டில எறக்கணும். இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு மம்பட்டியத் தூக்கு."

பங்களாவின் முன்னால் போகிற எவரும் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, ஓரமாக ஒதுங்கிக் குனிந்துதான் போக வேண்டும். பழைய ஹேண்டில் அந்த வேலையைத் தானாகவே செய்திருக்கிறது. அப்பா வலியில் குனிந்து போனதை, மரியாதை என்று எண்ணி துரை இத்தனை நாள் மகிழ்ந்திருக்கிறார்! நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

அன்று சாயந்தரம் சித்தப்பா, "திரும்பத் திரும்பக் காச்சுனா கொழா வெடிச்சிரும்ணே" என்று கையைப் பிசைந்தார். அப்பா அவசரப்படவில்லை. "காச்ச வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாளும் ஹேண்டில் உயரமாகவே லயத்தை விட்டுப் போனது. உயரமாகவே திரும்பி வந்தது. கண்டாக்கையாவும் வாயைத் திறக்கவில்லை. அப்பா துரையையே எதிர்த்துவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் வாய் வலிக்கச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை, கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சியான மிலாறை அடுப்புக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே பங்களா முடக்கு தெரிந்தது. அப்பாவின் வண்டி முடக்குக்கு இந்தப் பக்கமே நின்றது. இறங்கினார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஹேண்டிலைப் பிடித்திருந்த நாலு நட்டைத் தளர்த்தினார். ஹேண்டிலை முன்னால் தள்ளிச் சாய்த்து, நட்டை இறுக்கினார். ஏறி, டாங்கியோடு முகம் ஒட்டக் குனிந்து பங்களாவைக் கடந்தார். முப்பது கஜம் போனதும் நிறுத்தி, இறங்கி, மறுபடி நாலு நட்டு. ஹேண்டிலை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ பாட்டைச் சீட்டியடித்தபடி போய்விட்டார்.

மிலாறை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் வந்ததும் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி. எதுக்குப்பா குனிஞ்சு போறீங்க?"

"ஹேண்டிலுதான் பாப்பா குனிஞ்சுச்சு. நானா குனிஞ்சேன்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னை வெறி பிடிக்க வைத்தது. அடி வாங்கியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். திங்கட்கிழமை விடியற்காலை, அவர் முகம் கழுவப் பீலித் தண்ணீருக்குப் போன நேரம், பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து மிலாறுக் குவியலுக்குள் செருகினேன். ஸ்பேனர் இல்லாவிட்டால் ஹேண்டில் எப்படிச் சாயும்? நிமிர்ந்துதானே போயாக வேண்டும்! பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அதே மலையில் போய் உட்கார்ந்தேன்.

முடக்கில் வண்டி நின்றது. அப்பா பையில் தேடினார். இரண்டு முறை தேடினார். சட்டைப் பையையும் தடவினார். போங்கப்பா, போங்க, நிமிர்ந்து போங்க என்று தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். அவர் இன்ஜினை நிறுத்தினார். இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். பங்களாவின் முன்னால் ரோடு மேடு. இரும்புப் பூதம் மாதிரியான வண்டி. அப்பா பாதி உடம்பை மடித்து, தலையைக் கையிடுக்கில் புதைத்துக்கொண்டு தள்ளினார். அவர் அவ்வளவு குனிந்து நான் பார்த்ததே இல்லை.

பங்களாப் பூச்செடிகளுக்கு நடுவே பெரிய துரை நாயோடு நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் உரக்கச் சொன்னது மேலே எனக்கே கேட்டது.

"நல்லது! தினம் இப்படித்தான் போ!"

அன்றைக்கே அது சட்டமாகிவிட்டது. பங்களா முன்னால் எந்த வண்டியும் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ள வேண்டும். கண்டாக்கையாகூடத் தன் சைக்கிளிலிருந்து இறங்கித் தொந்தியோடு மூச்சு வாங்கத் தள்ளினார். லயமே ஒளிந்து நின்று சிரித்தது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, அப்பா அந்தப் பூதத்தைத் தள்ளினார். மணிக்கட்டு மறுபடி வீங்கியது. அம்மா மறுபடி எண்ணெய் சுட வைத்தார்.

நாலாம் நாள் அடுப்பு மூட்டும்போது மிலாறுக்குள்ளிருந்து ஸ்பேனர் அம்மாவின் காலில் விழுந்தது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கித் துடைத்தார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதைத் துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகினார்.

"இனிமே இது எதுக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் சீட்டியடித்து நான் கேட்கவில்லை.

அந்த வயதில் என் கண்ணில் பட்டதெல்லாம் பங்களா முன்னாலிருந்த முப்பது கஜம்தான். அதில் அப்பா குனிந்தார் என்று கொதித்தேன். எங்கே குனிவது, எங்கே நிமிர்வது என்பது அதுவரை அந்த நாலு நட்டில், அவர் கையில் இருந்தது. துரை தன்னை அறியாமல் அவரிடம் விட்டுவைத்திருந்தது அது ஒன்றைத்தான். அதைப் பிடுங்கி மிலாறுக்குள் செருகியவள் நான்.