அண்ணன் அவுட்

அவுட் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மன்னார்க் கடற்கரை ஊரான கீரியில் ஓய்வே கிடையாது. பந்தைப் பிடித்தால் அவுட். ஒளித்து வைத்த காதல் ஊருக்குத் தெரிந்தால் கதை அவுட். குடித்துவிட்டு மணலில் சரிந்தால் ஆள் அவுட். இந்தக் கடைசி அர்த்தத்தைத் தனக்கென்றே எழுதி வாங்கியவர்போல இருந்தார் செலீனாவின் கணவர் அமிர்தநாயகம். ஊர் அவருக்கு வைத்த பட்டமே அவுட்டர்.

கடலில் இறங்கினால் தங்கமான தொழிலாளி. கரைக்கு வந்தால்தான் கெட்டார். பின்னேரமானால் செலீனாவின் போன் அடிக்கும். "அக்கா, அண்ணன் அவுட்." அவள் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வருவாள். வழி நெடுகத் திட்டுவாள். அவரோ, "ஓம் செலீனா, ஓம்" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபடி வருவார்.

போன ஆடித் திருநாளுக்கு மடுக் கோயிலுக்குப் போனவர், மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று குடியை விட்டார். செலீனா லேசில் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வாயைத் திறவுங்கோ" என்று கிட்டப் போய் மணந்து பார்ப்பாள். வெற்றிலை மணம்தான். மாதக்கணக்கில் அதே வெற்றிலை மணம். ஒருநாள் அவள் மறந்துவிட்டாள்.

"என்ன, இண்டைக்குச் செக்கிங் இல்லையோ?" என்று அவரே கேட்டார். இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

குடி போனாலும் பட்டம் போகவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம், வலை இழுத்த களைப்போடு படகின் மறுபக்கம் போன அமிர்தநாயகம் அங்கேயே சரிந்தார். கண்டவர்கள் சிரித்தார்கள். "அவுட்டர் திரும்ப அவுட்டடா!" வெயில் படாமல் முகத்தில் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு மீன் பிரிக்கப் போனார்கள். கூடத் தொழில் செய்யும் நிறோஜன் பழைய வழக்கப்படி போன் எடுத்தான்.

"அக்கா, அண்ணன் அவுட்."

செலீனாவுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கையும் விழுங்கிவிட்டாரே பாவி மனிசன்! மணந்து பார்த்த அத்தனை மாதங்களும் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போயின.

"கிடக்கட்டும். நான் வரமாட்டன்."

குழம்பு கொதித்து இறக்கிய பிறகு திரும்பவும் போன் அடித்தது.

"என்ன, இன்னும் அவுட்தானோ?"

நிறோஜன் அப்போதுதான் சாக்கை விலக்கிப் பார்த்திருந்தான். "ஓம் அக்கா," என்றான். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

நெஞ்சு வருத்தமாம். உடனே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். மன்னார் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னார்கள். செலீனா குனிந்து அவர் வாயை மணந்து பார்த்தாள். வெற்றிலை மணம்தான் இருந்தது.

இப்போதும் பின்னேரங்களில் பெடியள் கடற்கரையில் பந்தடிக்கிறார்கள். "அவுட்!" என்று சத்தம் வந்தால் செலீனா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். மணலில் யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று கண்ட பிறகுதான் திரும்புகிறாள்.