தட்டில் வைத்தால் தெரிய வேண்டும்

"ஆடப்போறது யாருங்கிறது அப்பறம். பாக்கப்போறது யாரு, அதை மொதல்ல சொல்லுங்க" என்றபடி கையிலிருக்கும் செல்போன் திரையை மூன்றாவது தடவையாகத் துடைக்கிறார் ஆவுடையப்பன். எதிரே நிற்கும் கடலை வியாபாரி மலையாண்டி, போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தவர். தங்கை மகன் காதுகுத்துக்கு வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று போகிற போக்கில் சொல்லித் தொலைத்துவிட்டார். இனி அரைமணி நேரத்துக்கு அவர் போன் அவருக்குக் கிடைக்காது.

ஆலங்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆளொருவர் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடக்கூடிய கடை. கண்ணாடி ஒட்டுவதும் கவர் மாட்டுவதும் பிழைப்பு. பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, ஸ்விட்சா என்று எடைபோட்டுச் சொல்வது வித்துவம். இந்தத் தாலுகாவில் தன்னைக் கேட்காமல் யாரும் கேம் பெட்டி வாங்குவதில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். இரண்டு வருடத்தில் கேட்டவர்கள் ஐந்து பேர். மலையாண்டி ஆறாவது.

இந்தப் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர்தான் பேச்சு. மேளம் முன்னே போக, தட்டுத்தட்டாகச் சுமந்துகொண்டு ஊரே பார்க்க மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். ஃபிரிட்ஜும் சைக்கிளும் டிவியும் சலித்துப்போய், இப்போது கேம் பெட்டி வரிசைக்கு வந்திருக்கிறது. ஆவுடையப்பனின் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஊர்வலத்தை வைத்துத்தான். உள்ளே என்ன விளையாட்டு இருக்கிறது, எதை அழுத்தினால் எது ஓடும் என்பதெல்லாம் சில்லறை விஷயம்.

"எக்ஸ்பாக்ஸு நல்ல சாமான்தாங்க. ஆனா கருப்பு. சீர்ல கருப்பை வச்சா ஒங்க மச்சான் வீட்டுல சும்மா இருப்பாகளா? வெள்ளையில ஒண்ணு இருக்கு, வெலை கம்மி. அங்கதான் வினை. பந்தல்ல ஒக்காந்துக்கிட்டே போன்ல வெலையைத் தட்டிப் பாத்துருவாக. ஸ்விட்சு நம்ம ஊர்க் கடையில கெடைக்காது, வெளிநாட்டுல இருந்து யாராச்சும் கொண்டாரணும். கொண்டாந்தாலும் அது டிபன் பாக்ஸு கணக்கா இருக்கு, தட்டுல வச்சா பூவுக்குள்ள மறைஞ்சுரும். பிளேஸ்டேஷனை எடுங்க. பெட்டியைத் தூக்க ரெண்டு கை வேணும். அதாங்க சீரு."

மலையாண்டி போனை வாங்கிக்கொண்டு போனார். ஒட்டிய கண்ணாடிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தது.

மறுமாதமே இந்த ஞானத்துக்குச் சொந்த வீட்டில் பரீட்சை வந்தது. குளத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை ரம்யாவின் மகள் சிவரஞ்சனிக்கு, ஒன்பது வயதில் ஒருவழியாகக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன்கள் இரண்டு பேர், பிள்ளைக்கு வேண்டியது ஒரு மடி. முறைப்படி மூத்தவர் ஆவுடையப்பன் மடிதான். ஆனால் இளையவன் சந்தோஷ்குமார் சிங்கப்பூரில் இருக்கிறான்.

"அண்ணே, எங்க மாமியார் வீட்டுல சின்னண்ணன் மடியில வச்சுக்கலாம்னு பேச்சு ஓடுது. சீரைப் பாத்துட்டுச் சொல்றோம்ங்கிறாங்க. பாத்துச் செய்யுங்கண்ணே" என்று ரம்யா போனில் சொன்னாள். ஆவுடையப்பனுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஊர்க்காரன் ஒருவன், மூத்தவன் இருக்கும்போதே இளையவன் மடியில் குத்தினார்களாமே என்று கேட்டால் எந்த முகத்தோடு கடை திறப்பது? அவர் கவலை நியாயமானதுதான். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் வேடிக்கை.

சிவரஞ்சனியே போனை வாங்கிப் பேசினாள். "மாமா, எனக்கு ஸ்விட்ச்தான் வேணும். அதைக் கையில வச்சே ஆடலாம். டிவியை அப்பத்தா விடவே மாட்டாங்க, சீரியல் ஓடும்."

"அது சின்னதும்மா."

"என் கையும் சின்னதுதான மாமா."

"ஒனக்கு வெவரம் பத்தாது" என்று அவர் போனை வைத்துவிட்டார். கடைக்கு ஏசி போட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பிளேஸ்டேஷன் வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டட்டுமா என்று கேட்டார்களாம். பதறிப்போய்த் தடுத்திருக்கிறார்.

விழாவன்று குளத்தூர் மண்டப வாசலில் பெட்டியின் நான்கு மூலைக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தார். தட்டு தாங்காததால் அண்டா மூடியில் வைத்து, விலை ஒட்டியிருக்கும் பக்கம் சனங்களைப் பார்க்கும்படி திருப்பி, தானே சுமந்தார். தம்பியின் தட்டில் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஆப்பிள். பெட்டி எதுவும் இல்லை. ஆவுடையப்பன் அதை இரண்டு முறை நோட்டம் விட்டுவிட்டு, மிகுந்த இரக்கத்தோடு தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வருத்தப்படாதடா. அடுத்த விசேஷத்துல பாத்துக்குவோம்." சம்பந்தி வீட்டார் போனைத் தட்டிப் பார்த்து, ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள். மடி அவருக்கே என்று முடிவானது.

மேடையில் சம்மணம் போட்டு, வேட்டி மடிப்பைச் சரிசெய்து, வீடியோக்காரர் இருந்த பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார். சிவரஞ்சனியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவள் நிமிரவே இல்லை. அவள் கையில் ஸ்விட்ச் இருந்தது.

சந்தோஷ்குமார் ஒரே ஒரு வேலைதான் செய்திருந்தான். என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டான். காலையில் வந்து இறங்கியதும் தட்டிலெல்லாம் வைக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டான். அண்ணனை மட்டம்தட்ட வேண்டும் என்ற நினைப்புகூட அவனுக்கு இல்லை, அதுதான் இன்னும் கொடுமை.

"பாப்பா, மாமாவைப் பாருங்க" என்றார் போட்டோக்காரர். பாப்பா பார்க்கவில்லை. ஆசாரி காதுமடலில் சந்தனப் புள்ளி வைத்துக் கம்பியை எடுத்தார்.

"மாமா, அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. இந்தப் பள்ளத்தைத் தாண்டிட்டா ஆட்டம் முடிஞ்சுரும்" என்றாள் சிவரஞ்சனி. அவள் குரல் நடுங்கியது. காதுக்காக அல்ல.

"நேரம் போகுதுங்க" என்று சம்பந்தி அவசரப்படுத்தினார். மேளக்காரர்கள் குச்சியை ஓங்கிக் காத்திருந்தார்கள். மஞ்சள் பூசிய பெரிய பெட்டி மேடை ஓரத்தில் தனியாக இருந்தது. அதன்மேல் யாரோ தண்ணீர்ப் பாட்டிலை வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு மடியில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். அதில் தம்மாத்தூண்டு உருவம் ஒன்று பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

ஆசாரியின் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்தார். பிடித்த கையை விடாமல், வீடியோக்காரருக்கு முதுகு தெரியக் குனிந்து, பிள்ளையின் காதருகே மெதுவாகக் கேட்டார்: "தாவுறதுக்கு எந்தப் பட்டன் ஆத்தா?"