ராவுத்தருக்கு நான் வாசித்துச் சொன்ன நோட்டீஸ்

சென்ற வாரம் தல்லாகுளத்தில் கோர்ட்டு வேலை முடிந்து வைகைப் பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த குதிரைவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "அண்ணே, ஒங்க பக்கத்து வீட்டுப் பெட்டிக்கார பாய் மௌத்தாயிட்டாரு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவரு அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். வண்டியைத் திருப்புகிறேன், ஏறுங்கள் என்றும் சொன்னார். நான் ஏறவில்லை. வீடு போய்ச் சேரும் வரையாவது அவர் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, நடந்தே போனேன்.

தெற்குவாசல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீரான் ராவுத்தரை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த தகரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சிவப்புச் சாயத்தில் ஒரு தாமரை இருந்தால் அது அவர் கைவேலை. மூடியின் உள்ளே ஏன் வரைகிறீர்கள், வெளியே வரைந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒருமுறை கேட்டேன். "தெறக்குறவுகளுக்குத்தான பூவு, பாக்குறவுகளுக்கு என்னத்துக்கு?" என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஏழு வருஷமாக இருந்தது ஒன்றரை முழக் கனமுள்ள ஒரு சுவர். அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பழைய மச்சு வீட்டை வாங்கினேன். விற்றவர் வாசலிலிருந்து கொல்லை வரை பளிச்சென்று வெள்ளையடித்து வைத்திருந்தார். நானும் வெள்ளையைப் பார்த்து மயங்கியவன்தான். குடிவந்து இருபது நாள் இருக்கும், நடு அறையில் உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே மெல்லிசாக ஒரு விரிசலை என் மனைவி பார்த்தாள். அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். எட்டு நாளில் விரிசல் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை இறங்கிவிட்டது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தாயில்லாதவள். பிரசவம் இந்த வீட்டில், அந்த அறையில்தான் நடந்தாகவேண்டும். ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

சுவருக்கு மறுபக்கம் ராவுத்தரின் பட்டறை. பொழுது விடிந்தால் சாயும் வரை தகரம் தட்டும் சத்தம். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. எட்டு அடி நடந்து போய், "பாய், கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று சொன்னால் போதும். கோர்ட்டில் நகல் எழுதிப் பிழைக்கிறவன் புத்தி அந்த வழியில் போகவில்லை. பாலம் தாண்டிப்போய், தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்து, இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் நோட்டீஸ் தயார் செய்தேன். சம்மட்டி அதிர்வால் என் கட்சிக்காரரின் சுவர் பழுதாகிவிட்டது, பதினைந்து நாளில் பட்டறையைக் காலிசெய்யாவிட்டால் வழக்கு என்று கண்டிருந்தது. சுத்தப்பிரதியை நானே என் கையால் முத்து முத்தாக எழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன், பக்கத்து வீட்டுக்கு. வேண்டாம் என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ராவுத்தர் என் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் கவர்.

"தம்பி கோர்ட்டுல வேலை பாக்குறீகளாம்ல. இங்கிலீசுல ஏதோ வந்திருக்கு, நமக்கு அது சுத்தமா வராது. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பிரித்தேன். என் கையெழுத்தே என்னை முறைத்தது. மனைவி உள்வாசல் நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியை அந்த மனிதர் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இது நான் அனுப்புனதுதான், பாய். நடுச்சுவர்ல விரிசல் விட்டிருக்கு. ஒருநாள் வந்து பாத்துட்டு என்ன செய்யலாம்னு சொன்னீங்கன்னா ஒத்தாசையா இருக்கும்னு கேட்டிருக்கேன்."

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"ரெண்டு பக்கத்துக்கு இருக்கே, தம்பி."

"இங்கிலீஷ்ல அப்படித்தான் நீட்டி எழுதுவாங்க."

அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப மரியாதையா எழுதியிருக்கீக. வாங்க, சொவத்தப் பாப்போம். என் சுத்தியலால வந்ததுன்னா பட்டறைய வேற எடத்துக்குக் கொண்டுபோயிர்றேன்" என்றார். சுத்தியலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு ஏதாவது தெரியுமோ என்று அன்றைக்கு ஏறிய பயம் ஏழு வருஷம் இறங்கவில்லை.

மறுநாள் அவரே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள பூராப் பொக்கு" என்று சொல்லிக் காரையை உரிக்கத் தொடங்கினார். உள்ளே ஒரு மண்குழாய். என் மாடியில் பெய்யும் மழைத் தண்ணீர் இறங்குவதற்காக யாரோ சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட குழாய். அது நடுவில் உடைந்து எத்தனை வருஷமாயிற்றோ, தண்ணீரெல்லாம் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. செங்கற்கள் கையோடு வந்தன. உத்திரத்தின் முனையில் கொத்தனார் கடப்பாரையை வைத்து அழுத்தினார். இரண்டு சாண் உள்ளே போயிற்று. வெளியே முழு மரம், உள்ளே கரையான் மண். ராவுத்தர் வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. அதன் முனையும் அதே கதி.

சுத்தியலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் வீட்டுத் தண்ணீர் அவர் வீட்டு மரத்தைத் தின்றிருக்கிறது. நோட்டீஸ் அனுப்பவேண்டியவர் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் மனைவியைப் பார்த்து, "தாயி, நீ மொதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வா" என்றார். பிறகு கொத்தனாரிடம், "என் பக்கமும் முட்டுக் குடுங்க. ரெண்டு வீட்டையும் ஒண்ணாத் தூக்கிப் பிடிச்சாத்தான் சொவத்தப் பிரிக்க முடியும்" என்றார். குற்றம் யாருடையது என்ற பேச்சு அன்றைக்கும் எழவில்லை, அப்புறமும் எழவில்லை.

பனங்கட்டை முட்டுகள் என் வீட்டில் ஆறு, அவர் பட்டறையில் ஆறு. தட்டினால் முட்டு அசைந்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். புதுத் தகரம் கிடைக்காமல் பழைய மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி அவர் பெட்டி செய்துகொண்டிருந்த காலம் அது. டின்களையும் பட்டறைச் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வைகை மணலுக்குப் போய், நாலு ஓலையை நட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து தட்டினார். நோன்பு மாதம் வேறு. பாலத்தில் போகிறபோது அந்தச் சத்தம் கேட்டால் நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "வீட்டுக்காரிக்கும் எனக்கும் சண்டை, வெரட்டிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாள் அதைக் கேள்விப்பட்டு நிஜமாகவே இரண்டு நாள் பேசவில்லை.

இரும்பு உத்திரம் யுத்த காலத்தில் கனவிலும் கிடைக்காது. செத்த முனைகளை அறுத்துவிட்டு, மிஞ்சிய மரத்தைத் தாங்கிப் பிடிக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்படி கல் வைக்கலாம் என்றார் கொத்தனார். ஆளுக்கொரு கல்லா, இரண்டு பக்கமும் நீளும்படி ஒரே கல்லா என்று கேட்டார். ஒரே கல் என்றால் பின்னால் ஒருவரைக் கேட்காமல் மற்றவர் சுவரைத் தொடமுடியாது. எனக்குள் இருந்த குமாஸ்தா யோசித்தான். ராவுத்தர் யோசிக்கவில்லை.

"ஒரே கல்லாப் போடுங்க. நாளப்பின்ன சண்டை வந்தா ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்."

ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து கருங்கல் வந்தது. பெருநாளன்று அவர் வீட்டில் முட்டுக்கட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துத்தான் விருந்து. "தூணே இல்லாத வீட்டுல பொறந்தேன், இப்ப ஆறு தூணு" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் சுவர் எழும்பிக் காரை பூசியாயிற்று. மழைத் தண்ணீருக்குத் தெருப்பக்கமாகப் புதுக்குழாய் வைத்தோம்.

பூச்சு காய்ந்து சில நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு வானம் உடைத்துக்கொண்டது. நான் கோர்ட்டில் அனுமதிகூடக் கேட்காமல் பாலத்தின் மேல் ஓட்டமாக ஓடி வந்தேன். சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தால், நடு அறையில் ராவுத்தர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள்.

"காஞ்சு கெடக்கு, மாப்ள. தொட்டுப் பாருங்க" என்றார். அதுவரை தம்பியாக இருந்த என்னை அவர் மாப்ள என்று கூப்பிட்டது அன்றுதான்.

தொட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரமில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஒன்பதாம் நாள் அந்த அறையில், அந்த உத்திரத்துக்குக் கீழே, என் மகள் பிறந்தாள்.

இதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சமயம் வாய்த்தது. அந்தக் காகிதத்தில் இருந்தது வேறு என்று சொல்ல வாயெடுப்பேன், அவர் வெற்றிலையை நீட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று சில நாள் சோறு இறங்காது. அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவருடைய மூத்த மகன் சிக்கந்தரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் துக்கத்திலும் சிரித்துவிட்டான்.

"அத்தாவுக்கு எல்லாம் தெரியும், மாமா. மொதல்ல பள்ளிக்கூடத்து வாத்தியார்ட்ட குடுத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிட்டுத்தான் ஒங்ககிட்ட வந்தாக."

"தெரிஞ்சுமா எங்கிட்டக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாரு?"

"நாங்களும் கேட்டோம். 'எழுதுறப்ப மனுசன் தனியா இருக்கான்டா. எதுக்க ஆளு நின்னா என்ன சொல்றான்னு பாக்கணும்'னாக. திரும்பி வந்ததும், 'அந்தத் தம்பிக்கு என்னைய வைய மனசு வரல. நல்லாப் பொய் சொல்றாரு, பக்கத்துல குடியிருக்கலாம்'னு சொல்லிச் சிரிச்சாக."

துக்க வீடு என்பதையும் மறந்து நானும் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மீரான் ராவுத்தரைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அவர் கொடுத்தது ஏதாவது ஒன்று இருக்கும், ஒரு பெட்டியாவது இருக்கும். என்னிடம் இருப்பது அன்று வாசலில் பயந்துபோய் நான் சொன்ன பொய். அதை என் நிஜமான மனசு என்று எடுத்துக்கொண்டு அவர் என் பக்கத்தில் குடியிருந்தார். அவர் அப்படி எடுத்துக்கொண்டதால், அது பொய்யாக இல்லாமல் போய் வெகுநாளாகிறது.