தொப்புள்கொடி விழும் முன் ஒரு பெயர்

மலாவி ஏரியில் அன்று பொடிமீன் பாடு அதிகம். நாணல் பரணில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்த ஜியோனே சட்டென்று நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் பரண்களில் இருந்த பெண்கள் யாரும் தலை தூக்கவில்லை. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறதே, வெறும் பிடிப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. போன முறை, பொறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்தார்கள்.

கையை அலசிவிட்டு, கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த புருஷன் யோதாமுவிடம் போனாள்.

"சைக்கிளை எடுங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இப்பவா? சின்னம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"சின்னம்மாவும் வரட்டும். கேக்கறதை வழியில கேளுங்க."

அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தக் கரையில் அவ்வளவு வேகமாக மீன் புரட்டுகிற கை வேறு யாருக்கும் கிடையாது. பேச்சு குறைவு. எதையாவது தீர்மானித்துவிட்டால் பேசுவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சைக் கேட்டாலே சின்னம்மா எஸ்நாத், "சரி, இனிமே இவளை யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லிவிடுவாள். எஸ்நாத், ஜியோனேவின் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். அம்மா போன பிறகு அம்மா.

மழையில் ஊறிக் கிடந்த பதினெட்டுக் கிலோமீட்டர் பாதை. முன்னால் யோதாமு சைக்கிளை மிதிக்க, பின்சீட்டில் ஜியோனே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பின்னால் வாடகைச் சைக்கிளில் எஸ்நாத். பள்ளம் வரும்போதெல்லாம், "மெதுவா போடா, நீ ஏத்திட்டுப் போறது மக்காச்சோள மூட்டை இல்ல!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

சாயங்காலத்துக்குள் பிறந்துவிட்டது. பெண். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கிராம்.

நர்ஸ் கோண்ட்வே குழந்தையைத் துடைத்து, தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி மாட்டி, ஜியோனேவின் வெற்று மார்பில் தவளையைப் போலக் குப்புறக் கவிழ்த்தாள். மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஜியோனே குனிந்து பார்த்தாள். தன் கட்டை விரல் அளவுதான் இருந்தது பாதம்.

"இங்கதான் இவ இருக்கணும். ராத்திரி பகல் ரெண்டும். உன் உடம்புச் சூடுதான் இவளுக்கு அடுப்பு. கட்டில்ல கிடத்தினா குளிர்ந்துடுவா. மூச்சை மறந்துட்டான்னா உள்ளங்கால்ல சுண்டு. என்ன?"

"சரி சிஸ்டர்."

"இது எத்தனையாவது?"

"முதல் பிள்ளை" என்றாள் எஸ்நாத் முந்திக்கொண்டு.

ஜியோனே மூச்சு இழுத்தாள். "ரெண்டாவது."

நர்ஸ் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு அட்டையில் எழுதினாள். "பேரு?"

"பேரெல்லாம் இல்லை சிஸ்டர். கொடி விழட்டும்" என்று சிரித்தாள் எஸ்நாத்.

"லிம்பிகானி" என்றாள் ஜியோனே.

எஸ்நாத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

*

முதலில் பிறந்தவன் ஆண். நான்கு நாள் இருந்தான். தொப்புள்கொடி காய்ந்து விழும் வரைக்கும் குழந்தை ஊருக்கு வந்ததாகக் கணக்கில்லை. அதற்குப் பெயர் கிடையாது, ஆண்கள் வந்து பார்ப்பதும் கிடையாது. அதற்குள் போய்விட்டால் சாவும் கிடையாது. மூன்று பெண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய், இடுகாட்டில் அல்ல, ஆற்றோர ஈர மண்ணில் புதைத்துவிட்டு வந்தார்கள். ஆண்கள் அன்று வழக்கம் போலப் படகு இறக்கினார்கள். 'அழாதே, அழுதால் அடுத்தது தங்காது' என்று ஜியோனேவிடம் சொன்னார்கள். அழவில்லை. புதைத்த மூன்றாம் நாள் பரணில் மீன் புரட்டிக்கொண்டிருந்தபோது பால் சுரந்து சட்டை நனைந்தது. யாராவது சாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேச ஒரு பெயர்கூட இல்லை.

அதனால் இந்த முறை, கர்ப்பமான நாலாம் மாதமே பெயரை முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. 'விடாமல் உறுதியாக இருங்கள்' என்று சொல்கிற பெயர். பையனுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.

*

பெயர் வைத்த செய்தி ஊருக்குப் போக இரண்டு நாள்தான் ஆனது. மூன்றாம் நாள் தாய்மாமன் லாமேக்கு வந்துவிட்டார். அக்கா தங்கைகளின் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். கல்யாணமோ கருமாதியோ அவர் வாய் திறந்தால்தான் நடக்கும். குழந்தையைப் பார்க்கக் கூடாது என்பதால் அறைக்குள் வராமல், ஜன்னலுக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று பேசினார்.

"ஜியோனே, என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"சௌக்கியமா மாமா? சாப்டீங்களா?"

"சாப்பாட்டை விடு. பேரு வச்சா அது ஆளு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஊரே வந்து உக்காரணும். ஆம்பளைங்க குழி வெட்டணும். படகு இறங்காது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வெட்டுங்க மாமா. போன தடவை வெட்டலையே."

அடுத்த கட்டிலில், மார்பில் இரட்டையரைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த டொரிகா கண்ணை மூடித் தூங்குவது போல நடித்தாள்.

"நீ அவ சாகறதுக்குப் பேரு வச்சியா, பொழைக்கறதுக்கா?" என்றார் லாமேக்கு. குரல் தழைந்திருந்தது.

"பொழைக்கத்தான். அதுக்குத்தான் இப்படிக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன். ஆனா எது நடந்தாலும் அவ லிம்பிகானிதான் மாமா. அவன் போன மாதிரி யாரும் வராம இவ போக மாட்டா."

அவர் போய்விட்டார். "போறாரு பாரு, மாமாகிட்ட இப்படியா பேசுவ?" என்று எஸ்நாத் தலையில் அடித்துக்கொண்டாள். டொரிகா கண்ணைத் திறக்காமலே, "எங்க மாமாகிட்டயும் வந்து கொஞ்சம் பேசிட்டுப் போயேன்" என்றாள்.

*

எடை இறங்கியது. ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து இருநூற்று அறுபது. முதல் வாரம் எல்லாக் குழந்தைக்கும் இறங்கும் என்று நர்ஸ் சொன்னாள். தராசில் வைக்கும்போது ஜியோனே முள்ளைப் பார்ப்பதில்லை, நர்ஸின் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலைப் பிழிந்து சின்னக் கிண்ணத்தில் எடுத்து, உதட்டில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு கிண்ணம் இறங்க அரை மணி ஆகும். வெளியே, நோயாளிகளின் உறவுக்காரர்கள் சமைக்கிற கொட்டகையில் யோதாமு கஞ்சி காய்ச்சினான். அங்கே அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை. "தம்பி, கஞ்சியா சுண்ணாம்பா? சுவத்துக்கு அடிக்கலாம் போலிருக்கே" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே கிளறினான். கஞ்சி கட்டி கட்டியாகத்தான் வந்தது. ஜியோனே ஒரு கட்டியும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். பால் ஊற வேண்டும்.

ஐந்தாம் நாள் உச்சிப் பொழுது. ஜியோனே குளித்து மூன்று நாளாகியிருந்தது. "போய்க் குளிச்சிட்டு வா. சின்னம்மா நெஞ்சுல கட்டிக்கட்டும், அதுவும் சூடுதான்" என்றாள் நர்ஸ். ஜியோனே குழந்தையை எஸ்நாத்தின் கையில் கொடுத்து, துணியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

எஸ்நாத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள். முந்தின நாள்கூட மாவு எடுத்துவர வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள். புருஷனோடு படுத்து எழுந்தவள் கொடி விழாத பிள்ளையை உடம்போடு சேர்த்தால் பிள்ளைக்கு ஆகாது. இது அவளுக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். இதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது? போன முறை நான்கு நாளில் போனதற்கும் யாரோ அப்படித் தொட்டதுதான் காரணம் என்று ஊரில் பேச்சிருந்தது. அந்தப் பாவம் தன்னால் வரக் கூடாது. புதுக் கம்பளி ஒன்றை நான்காக மடித்துக் கட்டிலில் போட்டு, குழந்தையை அதில் பத்திரமாகச் சுற்றிக் கிடத்தினாள். கை படாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

ஜியோனே தலை ஈரத்தோடு திரும்பி வந்தபோது கம்பளிக்குள் குழந்தையின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நெஞ்சு அசையவில்லை.

அவள் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்தாள். கம்பளியை உதறிப் பிள்ளையை எடுத்து மார்பில் அழுத்தி, முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள்.

"லிம்பிகானி."

டொரிகா, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று வாசலைப் பார்த்துக் கூவினாள்.

"லிம்பிகானி! ஏய், லிம்பிகானி! எங்க போற? இங்க பாரு!"

அந்தப் பெயரை எஸ்நாத் இதுவரை வாயில் எடுத்ததில்லை. 'அது', 'விருந்தாளி' என்றுதான் சொல்லி வந்தாள். இப்போது முழங்காலில் விழுந்து, தொங்கிய அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே, "லிம்பிகானி! என் கண்ணு லிம்பிகானி! வாடி!" என்று கதறினாள்.

நர்ஸ் ஓடி வருவதற்கும், குழந்தை பூனைக்குட்டி தும்முவது போல ஒரு மூச்சை இழுப்பதற்கும் சரியாக இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அழுகை, கொசு ரீங்காரம் அளவுக்கு.

நர்ஸ் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின் எஸ்நாத்திடம் திரும்பினாள். "ஏம்மா கட்டில்ல போட்ட? உன்னைக் கட்டிக்கச் சொன்னேனே?"

எஸ்நாத் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். நர்ஸுக்குப் புரிந்தது, அவளும் இந்தப் பக்கத்துக்காரிதான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் புருஷன் இருக்காரு. தினம் காலையில வந்து இந்தப் பதினோரு பிள்ளைங்களையும் தொட்டுத் தூக்கறேன். எல்லாம் அவங்கவங்க அம்மா நெஞ்சுல கிடந்து பால் குடிக்குது. இவளைக் கொல்றது குளிருதான், நீ இல்ல."

ஜியோனே சின்னம்மாவைத் திட்டவில்லை. பிள்ளையின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் மூக்கால் மூச்சு இழுத்தாள்.

"சின்னம்மா, சட்டையைக் கழட்டுங்க."

"என்னடி?"

"நான் ஒண்ணுக்குப் போகணும். நீங்க கட்டிக்கங்க. நான் பார்க்கறேன், அப்புறம் போறேன்."

எஸ்நாத் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றினாள். பிள்ளையை மார்பில் வைத்து முடிச்சைப் போட்டாள். குழந்தை அவள் மார்பில் முகத்தைத் தேய்த்து எதையோ தேடியது. "இங்க ஒண்ணும் இல்லடி, வறண்ட கிணறு" என்றாள் எஸ்நாத், அழுதுகொண்டே.

அன்றிலிருந்து முறை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். ஆறாம் நாள் எடை இறங்கவில்லை. ஏழாம் நாள் பத்து கிராம் ஏறியது. ஒன்பதாம் நாள் கொடி விழுந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பால் கொடுக்கிற நேரம்.

*

இருபத்து மூன்றாம் நாள், ஆயிரத்து அறுநூற்று இருபது கிராமோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு மாதமாவது நெஞ்சிலேயே கட்டியிருக்க வேண்டும், வாரம் ஒரு முறை தராசுக்கு வர வேண்டும். ஊரில் பிள்ளையை முதுகில்தான் கட்டுவார்கள். ஜியோனே சைக்கிளிலிருந்து இறங்கியதும், "என்னடி, துணியை முன்பின் மாத்திக் கட்டிக்கிட்ட?" என்று ஒருத்தி சிரித்தாள். ஜியோனேவுக்கு முன் எஸ்நாத் பதில் சொன்னாள்: "லிம்பிகானிக்குப் பால் நேரம். சிரிக்கறவங்க தள்ளி நின்னு சிரிங்க."

மாலையில் லாமேக்கு வந்தார். கூட நான்கைந்து ஆண்கள். கொடி விழுந்துவிட்டதால் இப்போது வரலாம். தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். ஜன்னலோரம் நடந்த பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"லிம்பிகானியைப் பார்க்க வந்தோம்" என்றார்.

ஜியோனே துணியைக் கொஞ்சம் விலக்கினாள். கம்பளித் தொப்பிக்குக் கீழே சுருங்கிய ஒரு நெற்றி தெரிந்தது. லாமேக்கு இரண்டு கையையும் நீட்டினார்.

ஜியோனே அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஏரிக் காற்றில் நடந்து வந்த கை, ஜில்லென்றிருந்தது.

"அடுப்புல காட்டிட்டு வாங்க மாமா."

மூத்தவர்களுக்கு முன்னால் மாமாவிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாமேக்கு தொப்பியை எஸ்நாத்திடம் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, கைகளைத் தணலில் காட்டித் தேய்த்தார். எழுந்து வந்து மறுபடி நீட்டினார்.

ஜியோனே தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அவர் திரும்பவும் அடுப்படிக்குப் போனார்.