மடக்கி எடுத்துப் போகிற கம்ப்யூட்டர்

டச்சிங் அக்காவுக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வந்துவிடாது. கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். "கடவுள் ஒருத்தரைத்தான் நான் சோதிச்சுப் பார்க்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தம்பி போட்டோ ஸ்டூடியோ வைத்துப் படம் பிடிப்பான். அந்தப் படங்களை ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து அக்கா சரிசெய்வார். பரு, தழும்பு, கலைந்த முடி எல்லாம் அவர் கைபட்டால் அடங்கிவிடும். அதனால்தான் ‘டச்சிங் அக்கா’ என்ற பெயரே வந்தது. கணவர் போன பிறகு அந்தப் பின்னறை நாற்காலிதான் அவருக்குச் சோறு போட்டது. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து உட்காரவும் வைத்தது.

பழைய கம்ப்யூட்டர் இரண்டு படம் திறந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. புதிது வாங்கியாக வேண்டும்.

"இந்தத் தடவை லேப்டாப் வாங்கிடலாம்க்கா" என்றான் தம்பி.

"எதுக்குடா?"

"மடக்கி எடுத்துட்டுப் போகலாம்ல."

"எங்க?"

"சும்மா... வீட்டுக்கு."

"வீட்டுல உனக்கு என்னடா வேலை? உனக்கு மவுஸையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதே!"

தம்பி லென்ஸை எடுத்துத் துடைத்தான். துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தான்.

கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. சாயங்காலமானால் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பிரிண்ட் போட்டு வந்த உறைகளை அக்கா கண்ணில் காட்டாமல் நேராக வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறான். வேறு யாரையோ வேலைக்குப் பிடித்துவிட்டான் என்று அக்கா முடிவு கட்டினார். டெஸ்க்டாப் என்றால் அது இருக்கிற இடத்தில்தான் நாமும் இருப்போம். லேப்டாப்பை மடக்கி யார் மடியிலும் வைத்துவிடலாமே! ‘ஆண்டவா, என்னை அனுப்புறதா இருந்தா முகத்துக்கு நேரா சொல்லிட்டு அனுப்பச் சொல்லு’ என்று வேண்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். விற்பனைக்காரர் ஒரு லேப்டாப்பைத் திறந்து, திரையில் ஒரு முகத்தைக் காட்டினார். அக்கா அதன் திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார்.

"சாய்ச்சா முகம் கறுக்குது, நிமிர்த்தினா வெளுக்குது. இது என்ன, ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுதா?"

"உங்க படம் ஏதாவது இருந்தா போட்டுப் பாருங்கம்மா" என்றார் அவர்.

அக்கா சட்டென்று தம்பியின் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை உருவினார்.

"அது வேண்டாம்க்கா, அதுல வேற..."

அதற்குள் விற்பனைக்காரர் அதைப் பக்கத்திலிருந்த பெரிய டெஸ்க்டாப்பில் செருகிவிட்டார். திரையில் ஒரு கல்யாணப் பெண் வந்து நின்றாள். போன வாரம் அக்கா முடித்துக் கொடுத்த படம். ஆனால் மூக்கோரம் இருந்த நிழலை வேறு யாரோ தேய்த்திருந்தார்கள்.

"இது என் கை இல்ல. யார் கை?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "என் கைதான்க்கா. பிரிண்ட் கடையில உட்கார்ந்து கத்துக்கிட்டேன். நீ முடிக்கிற படமெல்லாம் பிரிண்ட் போட்டா முகம் நீலம் பாஞ்சு வருது. ஒரு பொண்ணோட அம்மா அழுதே விட்டாங்க. உனக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்ல? லேப்டாப் இருந்தா வீட்டுலயே சரிபண்ணிடலாம்னு பார்த்தேன்."

அக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் போனால் நாற்காலியும் போச்சு. ஆனால் கூடவே பிறந்த சந்தேகம் அப்போதும் அவரைச் சும்மா விடவில்லை.

"நான் முடிச்சதையும் பக்கத்துலயே போடு."

இரண்டு படமும் ஒரே திரையில் வந்தன. அக்கா உற்றுப் பார்த்தார்.

"அய்யய்யோ, இதுல ரத்தமே இல்லையே!"

"உனக்குத் தெரியுதா?" தம்பியால் நம்ப முடியவில்லை.

"ஏன் தெரியாது? நம்ம திரையில இவ ரோஜாப்பூ மாதிரி இருந்தாடா!"

விற்பனைக்காரர் குறுக்கே வந்தார். "உங்க பழைய திரை சிவப்பைக் கூட்டிக் காட்டுது போலம்மா. அதைப் பார்த்து நீங்க குறைச்சிருப்பீங்க."

அக்கா தம்பி பக்கம் திரும்பினார். "அந்தப் பழைய பெட்டி மேல சந்தேகம் வரல, கூடப்பிறந்தவ கண்ணு மேல வந்துச்சா?"

"நீ மட்டும்? திருடனைப் பிடிச்ச மாதிரி பையில கைய விட்டியே!"

"நீ என்னைக் கழட்டி விடப்போறேன்னு நினைச்சேன்டா."

தம்பி மூக்கை உறிஞ்சினான்.

அக்கா தன் உள்ளங்கையைப் படம் எடுக்கச் சொன்னார். அதை இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டு, திரைக்குப் பக்கத்தில் கையை வைத்து ஒப்பிட்டார். அந்த லேப்டாப்பில் அவருக்கு ஒரு நிறம், பக்கத்தில் நின்ற தம்பிக்கு ஒரு நிறம். டெஸ்க்டாப் திரையில் இருவருக்கும் ஒரே கைதான்.

"இதையே கட்டுங்க. இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்துதான் பார்க்கணும்."

பின்னறையில் புதிய திரை எரிந்ததும் அக்கா முதல் வேலையாக மறுபடியும் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் என்னக்கா சந்தேகம்?"

"பழசும் வாங்கின அன்னைக்கு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார் அக்கா. "நீ அந்தப் பென்டிரைவை இங்கயே வச்சுட்டு வீட்டுக்குப் போ."